பிறவிச் சைவம்

ஞாயிறு காலை பத்தரை மணி. மெல்பர்னின் டார்னெய்ட் சமூகக்கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது, இட்லியைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து ஜாம் தடவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். பெயர் மார்கரெட், சைவ உணவாளர் சங்கத்தின் தலைவி. நானும் சிவநேசனும் போனது சங்கத்துக்காக அல்ல. என் வீட்டு உரிமையாளர் ராகவன் அங்கே உறுப்பினர். பக்கத்து ட்ருகனினாவில் அவர் வீட்டின் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அடுத்த அறை காலி; அதைச் சிவநேசனுக்குக் கேட்கத்தான் போனோம். அவர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர், தற்காலிக விசா. இருந்த இடத்தை அன்று மாலைக்குள் விட்டாக வேண்டும்.

மார்கரெட் சங்கத்தின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தின் ஆலை நகரம் ஒன்றில், சிறிய தேவாலயம் ஒன்றில் தொடங்கியது அது. சாதாரணத் தொழிலாளிகள் இறைச்சியை விடுவதாக உறுதி எடுத்தார்கள். ஊர் சிரித்தது. பிறகு சங்கம், பத்திரிகை, மலிவு உணவகங்கள் என்று வளர்ந்து, கப்பலேறி மெல்பர்னுக்கும் வந்தது. "யாரும் சேரலாம். நேற்றுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை" என்றவர், எங்கள் பக்கம் திரும்பினார். "உங்கள் மக்களிடம் இந்தக் கருணை காலங்காலமாக இருக்கிறது." ராகவன் தலையசைத்தார்.

சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தபோது அந்தக் கருணையை நான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். வாடகை விளம்பரங்களில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று வரும். சாதியை எழுதத் தேவையில்லை, வாசகருக்குப் புரியும். எனக்கு அறை தரும்போது ராகவன் என் அப்பா பெயர், ஊர், தெரு கேட்டார். அலுவலகத்தில் மதியம் என்ன சாப்பிடுவேன் என்று கேட்கவில்லை. கோழி சாப்பிடுவேன்.

தேநீர் வேளையில் சிவநேசனை அவரிடம் அழைத்துப்போனேன். "இவரும் சைவம்தான் சார்."

"எங்க வேலை தம்பி?"

"கோழி பக்டரியில அண்ணை. வெட்டுற லைன்."

ராகவன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்படிங்க சைவம்?"

"அங்க நிண்ட பிறகுதான் விட்டனான். இப்ப முட்டையும் தொடுறேல்லை."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாம் சாப்பிட்டனான். மீன் இல்லாட்டிச் சோறு இறங்காது."

அறை தேடுவதையும் சேர்த்து மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிவநேசனின் கைகளைப் பற்றி, அங்கேயே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்.

ராகவன் என்னை வாசலுக்கு அழைத்தார். "நல்ல பையன்தான். ஆனா வீட்ல அம்மா இருக்காங்க, பூஜை ரூம் இருக்கு. பிறவியிலேயே சைவம்னா யோசிக்கலாம்."

"இப்போ சாப்பிடறதில்லையே சார்."

"பழக்கம் வேற, பிறப்பு வேற. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவர் கை நீட்டினார், குலுக்கினேன்.

கைகுலுக்கலைத் தூரத்திலிருந்து பார்த்த மார்கரெட், அறை கிடைத்துவிட்டதா என்று மகிழ்ச்சியோடு கேட்டார். சிவநேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சங்கத்தில இடம் கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ."

அவர் இப்போது காரில் படுக்கிறார். என் அறைக்கு அடுத்த அறை காலியாக இருக்கிறது.