படகேறாத கப்பல் அகராதி

அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்றுதான் பெயர். அகராதி தயாரிக்கும் வேலை என்பதால் பாதி, எதைக் கேட்டாலும் வேரோடு பிடுங்கிக் காட்டுவார் என்பதால் மீதி. பன்னிரண்டு வருடமாக அவர் பொறுப்பில் இருப்பவை கப்பல் சொற்கள். நங்கூரத்தைச் சொல்லும் ஆங்கர் எந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, கவர்மென்ட் என்ற சொல்லுக்கே சுக்கான் பிடிப்பது எப்படி வேரானது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். படகில் மட்டும் கால் வைக்க மாட்டார்.

அவர் மனைவியோ, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பயணிகள் படகு ஓட்டுகிறாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஏறினார். நடுவழியில் குடலே வாய்க்கு வந்துவிட்டது. "டிரைவரம்மா வீட்டுக்காரராம்" என்று யாரோ சிரித்தது இன்றும் காதில் நிற்கிறது. அன்று முதல் அக்கரை அலுவலகத்துக்குப் பாலம் சுற்றி இரண்டு பஸ். கேட்பவர்களுக்குப் பதில் தயார்: "கிரேக்கத்துல கப்பலுக்கு நௌஸ்னு பேரு. நாசியா, அதான் குமட்டல், அதுலேருந்துதான் வந்துச்சு. அவங்களே எழுதி வச்சுட்டாங்க, நான் என்ன பண்றது?"

படித்தவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை நாலரை மணிப் படகோடு அவளுக்குப் பணி ஓய்வு. "கடைசி நடை. நீங்க பக்கத்துல இருக்கணும்" என்று அன்று காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

"உனக்குத்தான் தெரியுமே, நௌஸ்..."

"தெரியும். அந்தப் பேர வச்சவங்களும் படகுக்காரங்கதானே? வாந்தி வருதுன்னு வீட்லயே உக்காந்திருந்தா பேரா வச்சிருப்பாங்க? எடுத்தாங்க, வாயைத் துடைச்சுட்டுத் திரும்ப ஏறுனாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லுக்கான அகராதிக் குறிப்புச் சீட்டை எத்தனை முறை திருத்தி எழுதியிருப்பார். இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அன்று லீவு போட்டார். சட்டைப்பையில் இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி தூரம் போவதற்குள் இரண்டும் தீர்ந்தன. முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா இவரு?" என்றார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள், சுக்கானிலிருந்து கையை எடுக்காமல். குரலில் பெருமை இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. நல்லவேளை, கண் ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது.

அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். காலிப் படகை இக்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டவேண்டும். அவரும் இறங்கினார். எதிரே பஸ் புறப்படத் தயாராக நின்றது. குழாயடியில் வாய் கொப்பளித்தார், துடைத்துக்கொண்டார், திரும்ப வந்து ஏறினார்.