சிவப்புப் பொத்தானில் சந்தனம்

தாமோதரன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் பழைய கீபோர்டு ஒன்றைக் கையில் கொடுத்தால், எந்தப் பொத்தான் முரண்டு பிடிக்கிறது என்று விரலை ஒரு தரம் ஓட்டியே சொல்லிவிடுவான். 1996-இல் செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் மேசை போட்டு உட்கார்ந்தான். அவனிடம் வந்தவை எல்லாம் எண்பதுகளில் வாங்கிய கனத்த கீபோர்டுகள். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனிச் சுவிட்ச் இருக்கும். மாமல்லபுரம் லாட்ஜுகளிலிருந்து வருபவற்றில் உப்பு பூத்திருக்கும். பொத்தேரி பக்கத்து டைப்பிங் சென்டர்களிலிருந்து வருபவற்றில் டீ கொட்டியிருக்கும்.

மற்ற கடைக்காரர்கள் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுக் கொடுத்துவிடுவார்கள். பத்து நாள் வழுக்கும். பிறகு தூசி சேர்ந்து பிசினாகும். தாமோதரன் எண்ணெயைத் தொடமாட்டான். சுவிட்சைப் பிரித்து, உள்ளே ஏறி இறங்கும் தண்டை ஸ்பிரிட்டில் கழுவி, நிழலில் காயவைத்துப் பூட்டி, இருநூறு தரம் அமுக்குவான். நூற்றுத் தொண்ணூறாவது தரம் சிக்கினாலும் மறுபடி பிரிப்பான். ஊரில் அத்தனை சுத்தமான வேலைக்காரன் வேறு யாரும் இல்லை.

2002 புரட்டாசியில் அவனுடைய அக்கா சம்பூர்ணத்தின் கணவர் கோபாலகிருஷ்ணன், ஒரு கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். திருப்போரூர் தாண்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வெசல் என்று அவர்கள் சொல்லும், நீராவியால் சூடேறும் பெரிய கலன் ஒன்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். அந்தப் பொத்தான்தான் இறுகிப்போயிருந்தது.

"நாலு வாட்டி குத்துனா ஒரு வாட்டி கேக்குது, தாமு. மொதலாளி காதுல ஏறல. இன்னிக்கு வெசல் நிறுத்தி வச்சிகீது. சாயங்காலத்துக்குள்ள குடுத்துரு."

தாமோதரன் பிரித்துப் பார்த்தான். மற்ற சுவிட்சுகளில் இலேசான தூசிதான். சிவப்புப் பொத்தானின் தண்டில் மட்டும் மஞ்சளாக ஏதோ படிந்து, ஓடுபோல் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. ஸ்பிரிட் பட்டதும் வாசனை எழுந்தது. சந்தனம்.

அவன் மாமாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் சிரித்தார். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் எல்லாரும் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குத்தான் முதல் பொட்டு வைப்பார்கள் என்றார்.

"அதானே எங்க உசுர புடிச்சிகினு கீது?"

அந்தப் பொட்டுச் சந்தனம்தான் உள்ளே வழிந்து இறுகியிருக்கிறது என்று தாமோதரனுக்குப் புரிந்தது. தண்டைக் கழுவினான். உள்ளே தகடும் அரித்திருந்ததால், யாரும் தொடாத ஒரு மூலைப் பொத்தானின் சுவிட்சைக் கழற்றிச் சிவப்புக்கு மாற்றிப் பற்றவைத்தான். அன்று முந்நூறு தரம் அமுக்கினான். கொடுக்கும்போது, இனிமேல் பொட்டு மேசைக்கு வையுங்கள், இதற்கு வேண்டாம் என்று மூன்று முறை சொன்னான். மாமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

பூஜையன்று காலை கடையில் பொரியும் கடலையும் வைத்துக் கற்பூரம் காட்டியவன், அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனான். மாமாவுக்கு நாஸ்தா கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி வாசலைத் தாண்டினான்.

திரை இருந்த அறையின் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே மாமா நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மேற்பார்வையாளர் வெங்கடராகவன். சிவப்புப் பொத்தான் கண்ணுக்கே தெரியவில்லை. சந்தனத்தைக் கரைத்து அப்பியிருந்தார்கள். அது நான்கு பக்கமும் வழிந்து இடுக்குக்குள் இறங்கியிருந்தது. மேலே குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

பொத்தான் நன்றாகிவிட்ட சந்தோஷத்தில் தன் கையாலேயே வைத்ததாக வெங்கடராகவன் சொன்னார். காலை ஆறு மணிக்கே பூஜை முடிந்துவிட்டதாம். இப்போது மணி பத்தரை. கலன் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு தடவ அமுக்கிப் பாக்கணும்" என்றான் தாமோதரன்.

அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அமுக்கினால், நிறுத்தலாமா என்று திரையில் முதலில் கேள்விதான் வரும். வேண்டாம் என்று பதில் கொடுத்துவிடலாம். ஆனால் வெங்கடராகவன் கையை நீட்டித் தடுத்தார்.

"பூஜையில வச்சதை இன்னிக்குத் தொடக்கூடாதுப்பா. நாளைக்கு விஜயதசமி, எடுத்துப் பாத்துக்கலாம். இன்னிக்கு அது பாட்டுக்கு ஓடும்."

அன்று முழுவதும் யாரும் விரல் வைக்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் தாமோதரனுக்கு உறைத்தது. அசையாமல் கிடந்தே அது இறுகப் போகிறது. ஓடும்போது கீபோர்டைக் கழற்றினால் திரையும் அணைந்துவிடும். திரையில் சூட்டின் எண் 118 காட்டியது. எல்லை 140.

அவன் பூவை எடுத்து வைத்துவிட்டு அமுக்கினான். பாதி இறங்கி நின்றது. கேள்வி வரவில்லை. கட்டைவிரலை ஊன்றி மறுபடி அமுக்கினான். வரவில்லை.

வெங்கடராகவனின் முகம் சிவந்தது. பூஜையைக் கலைத்தவன் என்று திட்டினார். மாமா மட்டும் தன் விரலை வைத்து ஒரு தரம் அமுக்கினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் 119 ஆனது.

"தாமு, வா" என்று எழுந்தார்.

இருவரும் இரும்புப் படி இறங்கிக் கலனடிக்குப் போனார்கள். நீராவியைக் கையால் அடைக்கும் வால்வின் சக்கரத்தை வருடக்கணக்கில் யாரும் திருப்பியதில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உள்ளங்கை தோல் உரிய இழுத்தார்கள். மேலேயிருந்து, சரக்கு மொத்தமும் பாழாகும் என்று வெங்கடராகவன் கத்தினார். சக்கரம் ஒரு முனகலோடு நகர்ந்தது, பிறகு சுற்றியது. சூடு மெல்ல இறங்கியது.

சரக்கு பாழானது உண்மைதான். மறுநாள் காலை கோபாலகிருஷ்ணனை, இனி வேலை இல்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். கூட வந்த தாமோதரன், கீபோர்டை மட்டும் கொடுங்கள், காசு வேண்டாம், சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்றார்கள்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தபோதே திருவிடந்தைப் பக்கத்து ஆள் ஒருவன், புதிதாகச் சேர்ந்தவன், சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போனான். அந்த நாற்காலி அவனுக்கு. கொஞ்ச நேரத்தில் கொதிகலனின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது; கலனை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.