கேள்வி கேட்காத ஒரு வாரம்

செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட் முடிந்து பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டெல்லா போன் செய்தாள். "டீச்சர், நைனா போய்ட்டாரு" என்றாள். ஷிப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கி வந்த அவள் அப்பா சேவியர், தண்ணீர் குடிக்க பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்திரண்டு வயது. வகுப்பைப் பூட்டினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. ராயபுரம் ஸ்டேஷன் பின்புறச் சந்தில், அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் அலுங்காமல் சரக்கு இறக்குகிற ஆபரேட்டர். கோயிலில் அவரோடு பாடியவர்களுக்குச் சுருதி சேராத நல்ல மனிதர். எங்கள் தெருவுக்கு மட்டும் அவர், பெற்ற பெண்ணை ஸ்கூலுக்கு அனுப்பாத கிறுக்கு. அந்தப் பெயரை முதலில் வைத்தவள் நான். இன்று அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்டெல்லா நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தாள். ஒன்பது வயது. பாடத்தைப் பாதியில் நிறுத்தி ஏன், ஏன் என்று கேட்பாள். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஒருநாள் எல்லார் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன். ரேங்க் கார்டிலும் 'தேவையற்ற கேள்விகள் கேட்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் சேவியர் அந்தக் கார்டோடும் டி.சி.க்கான விண்ணப்பத்தோடும் வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஒரு வாரமா எம் பொண்ணு ஒரு கேள்வியும் கேக்கல டீச்சர். ஒடம்புக்கு இன்னாவோன்னு ஆஸ்பத்திரிக்கே இட்டுகினு போய்ட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால் கோபமும் வந்தது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு கிரேன் ஓட்டுகிறவர் வீட்டில் வைத்து என்ன சொல்லிக்கொடுத்துவிடுவார், இரண்டே வருஷத்தில் சீட்டுக்காக இதே வாசலில் வந்து நிற்பீர்கள் என்று சொன்னேன். "வந்தா சேத்துக்குங்கோ டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் மனைவி கிரேஸுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. காலையில் கிரேஸ் கிளம்பிவிடுவதால், சேவியர் பெரும்பாலும் மதிய ஷிப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை முழுக்க அப்பாவும் பெண்ணும்தான். காசிமேட்டில் மீன் ஏலத்தைப் பார்ப்பார்கள், பழைய பேப்பர் கடையிலிருந்து கிழிந்த பாடப்புத்தகங்களைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வருவார்கள். இந்தக் கூத்து எவ்வளவு நாளைக்கு என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கறையால் போனதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய் ஆகிவிடும்.

ஸ்டெல்லா துணி ஊறவைக்கும் டப்பில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் ஒவ்வொன்றாக போல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கிண்ணம் எவ்வளவு இறங்குகிறது என்று நெயில் பாலிஷால் கோடு போட்டு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்புகிறது என்று அப்பா சொன்னதைச் சோதிக்கிறாளாம். நோட்டை என்னிடம் ஆசையாக நீட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து எழுத்துப் பிழைகளை எல்லாம் சுழித்து, கீழே பத்துக்கு ஐந்து என்று போட்டுக் கொடுத்தேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. நோட்டைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும், எங்கள் தொழில் அப்படி. ஸ்டெல்லா நோட்டை மூடினாள். டப்புத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் ஒரு வரி எழுதவில்லை என்று கிரேஸ் சொல்லித்தான் தெரியும். பள்ளியிலிருந்து நிறுத்தி அவர்கள் காப்பாற்றிய ஒன்றை, நான் அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்க் கெடுத்துவிட்டு வந்திருந்தேன். தூக்கம் கெட்டது. மறுபடி போய், தினமும் பத்துப் பக்கம் கட்டாயமாக எழுதவைத்தால் சரியாகும் என்று யோசனை சொன்னேன். சேவியர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"லோடு ஆடிக்கினு கீதுன்னா எறக்கமாட்டோம் டீச்சர். அதுவா நிக்கிற வரைக்கும் கம்முனு இருக்கணும். அவசரப்பட்டா கீழ நிக்கிறவன் மேல இடிக்கும்."

வேறு ஏதாவது நான் செய்யலாமா என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை அவளிடம் கேட்கச் சொன்னார். தெரியாத மாதிரி நடிக்கக்கூடாது, அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று எச்சரித்தார். எனக்குத் தெரியாதது என்ன என்று யோசிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. டீச்சர்மார்களின் கஷ்டம் இது.

கடைசியில் என் வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறேன், ஈஸ்டருக்குள் கீழ்ச்சுவர் முழுக்க உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. ஏன் கீழே மட்டும்? ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளே வந்து சுவரைச் சுரண்டினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், ஸ்கேலால் அளந்தாள். மூன்று வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரையும் விடவில்லை. தரையின் ஈரம் சுவரில் ஏறுகிறது, அதோடு உப்பும் ஏறுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். 'சுவர்' என்பதற்கு அந்தப் பக்கத்திலேயே மூன்று விதமான எழுத்து. நான் கையைக் கட்டிக்கொண்டு படித்தேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி ஆங்கிலத்தில் ஒருமுறை கோட்டைவிட்டாள், அடுத்த முறை தேறினாள். இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். எல்லாரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குச் சம்பளம் தருவது பள்ளிக்கூடம்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் தினமும் அந்த வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வருகிறவர்களுக்கு டீ கொடுத்தாள், நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் சேவியர் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் அப்படித்தான் ஓடவேண்டும் போலிருந்தது.

எட்டாம் நாள் கிரேஸ் கோயிலுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நைனாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

இல்லடா கண்ணு, தூங்குற மாதிரி போயிருப்பாரு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் மடியில் தலை வைத்து, அந்த எட்டு நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் கேட்டாள். கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், தண்ணீரைக் குடித்தாரா, நெஞ்சு எப்படி நிற்கிறது, டாக்டரிடம் போனால் சொல்வாரா. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சேவியரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்: ஒரு பிள்ளை கேட்கும்போது பதிலைச் சொல்லி அதன் வாயை அடைக்காமல் கூடவே உட்கார்ந்திருக்க எனக்கு இப்போது முடிகிறது. அன்று கிரேஸ் திரும்பி வரும்வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.