ஓரம் தைக்காத துண்டு

சமையலறையில் கை துடைக்க மகள் ஒரு ஜப்பான் துண்டு வாங்கி வந்தாள். மெல்லிய பருத்தியில் நீல அலைகள். இரண்டு முனையிலும் ஓரம் அடிக்காமல் நூல் பிரிந்து தொங்கியது. நான் ஊசியை எடுத்தேன்.

“அம்மா, தைக்கண்டாம். அது அப்படித்தான். அவசரத்துக்குக் கிழிச்சுக் காயம் கட்டலாம்னு பண்டே ஓரத்தைத் தைக்காம விடுவாங்களாம்.”

ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

என் அப்பா ஆரியசாலைச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். அவர் தோளில் கிடக்கும் துவர்த்தில் வற்றல் மிளகாயும் வியர்வையும் மணக்கும். எங்கள் வீட்டில் துண்டைத் துவர்த்து என்றுதான் சொல்வோம். யாருக்கு அடிபட்டாலும் அதன் முனையைப் பல்லால் கடித்து, ஒரு கீற்று கிழித்துக் கட்டிவிடுவார். பழவங்காடியில் நான் விழுந்து முட்டில் ரத்தம் வந்த அன்றும் அப்படித்தான். துவர்த்து குட்டையாகிக்கொண்டே வரும். அம்மா ஏசுவாள்.

ஐந்தாம் வகுப்பில் தையல் படித்ததும், அவருடைய புதுத் துவர்த்துக்குச் சிவப்பு நூலால் ஓரம் அடித்துக் கொடுத்தேன். தெரு முழுக்கக் காட்டினார்.

அடுத்த மாதம் துருப்பிடித்த தகரம் அவர் உள்ளங்கையைக் கிழித்தது. கூட வேலை பார்த்த தங்கப்பன் மாமா துவர்த்தைக் கிழிக்கப் போனாராம்.

“கிழிக்கண்டாம்டே, பிள்ளை தச்சதாக்கும்.”

அப்பா அழுக்குச் சாக்கைக் கிழித்துக் காயத்தில் சுற்றிக்கொண்டாராம். ஒன்பதாம் நாள் வாய் பூட்டி, உடம்பு விறைத்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அங்கே துவர்த்தை என் கையில்தான் கொடுத்தார்கள். ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை.