ஏரி மண் மெத்தை

வண்டலூர் போகும் வழியில், பீர்க்கன்கரணையில் ஒரு ஃபிளாட் பார்க்க இறங்குகிறேன். காலி ஹாலில் புரோக்கர் டீ தருகிறார். நிலவியல் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? பூமிக்கடியில் பிளந்த பாறை இழுபட்டால் ஒரு பக்கம் இறங்கும், நெருக்குப்பட்டால் மேலேறும், உரசினால் பக்கவாட்டில் நழுவும், எப்படி நகர்ந்தாலும் பூகம்பம்தான் என்கிறேன்.

"இங்க அடியில ஃபுல்லா ஏரி மண்ணு சார். மெத்தை மாதிரி கீது. எந்த ஆட்டத்தையும் அப்படியே வாங்கிக்கும்!"

அந்தமான் பக்கம் ஒரு பாறை மேலேறினாலும், அந்த ஆட்டத்தை இங்கே பெரிதாக்கிக் காட்டுவதே இந்த மெத்தைதான். அதைச் சொல்ல வாயெடுக்கிறேன். வெளியே லாரி போகிறது. ஜன்னல் கட்டையில் வைத்த என் டீயில் வளையம் வளையமாக அலை.

புரோக்கர் முகம் மலர்கிறது.

"பாத்தீங்களா சார், மெயின் ரோடு எவ்ளோ கிட்ட!"