அறிக்கையில் இல்லாத வரி

கஸ்தூரி அக்கா இறந்த செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் வாட்ஸ்அப்பில் அவருடைய புகைப்படம் வந்து விழுந்தது. அனுப்பியது அவர் தம்பி முருகன். "பாஸ்கரு, அக்கா தவறிட்டாங்க. நெஞ்சுவலி. பத்துக்கு எட்டு ப்ளெக்ஸ் ஒண்ணு, மதியத்துக்குள்ள வேணும்." செஞ்சியில் பேனர் அடிப்பவனுக்குச் சாவுச் செய்தி இப்படி அளவோடுதான் வரும். பழகிப்போன விஷயம்தான். அன்றைக்கு மட்டும் பழகவில்லை.

அக்காவின் நண்பர்களே, உங்களில் பலருக்கு அவரைப் போலவே பார்வை கிடையாது. அதனால் இந்த அஞ்சலியைப் பூவும் விளக்கும் வைத்துப் படமாகச் செய்யாமல், வெறும் எழுத்தாக உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். உங்கள் போன் வாசித்துக் காட்டும். இந்தப் புத்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவலூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, செஞ்சியில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தார் அக்கா. சாயங்காலம் வண்டி வரும்வரை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை வாசலில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருக்கு. உட்கார்ந்ததும் போனைக் காதில் வைத்துச் செய்தி கேட்பார். அது வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. "கண்ண வச்சுக்கினு நீங்க எல்லாம் எவ்ளோ மெதுவா படிக்கிறீங்கப்பா" என்று கிண்டல் செய்வார்.

போன உள்ளாட்சித் தேர்தலில் அவலூர்பேட்டைப் பக்கம் மாவட்டக் கவுன்சிலருக்கு நின்ற ஒருவருக்கு நான் வெப்சைட் செய்துகொடுத்தேன். ப்ளெக்ஸ் அடிக்கிறவன் வெப்சைட் செய்தால் தலை கால் புரியுமா? எதிரில் வந்தவரிடமெல்லாம் போனை நீட்டினேன். அக்காவிடமும் சொன்னேன். திறந்து கேட்டுவிட்டு, "படம், படம், பட்டன், படம்னே சொல்லுது. உன் வேட்பாளருக்கு வாயே கிடையாதா?" என்றார். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று எழுத ஓர் இடம் உண்டு, அதை நிரப்பினால்தான் போன் வாசிக்கும் என்று விளக்கினார்.

நிரப்பினேன். எப்படி நிரப்பினேன் என்பதைக் கேளுங்கள். பேனரில் வழக்கமாகப் போடும் நாலு வரிப் புகழை ஒருமுறை டைப் செய்து முப்பது படத்துக்கும் ஒட்டிவிட்டேன். மறுநாள் அக்கா போனைச் சத்தமாக வைத்தார். "ஏழைகளின் தோழரே, எங்கள் குலவிளக்கே, வருக வருக" என்று அது முப்பது தடவை கூவியது. தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மாலை போடற எடத்துல மாலை போடு பாஸ்கரு. படம் இருக்கிற எடத்துல படத்தைச் சொல்லு."

அதைத் திருத்தினேன். அதே வெப்சைட்டில் இருந்த தேர்தல் அறிக்கையை மட்டும் திருத்தவில்லை. அது அச்சடித்த தாளை அப்படியே போட்டோ பிடித்து ஏற்றிய நாலு பக்கம். அக்காவின் போனுக்கு அது வெறும் 'படம்'. உட்கார்ந்து டைப் செய்தால் ஒரு பகல் வேலை. அவர் தினமும் கேட்பார், நான் தினமும் "நாளைக்குக்கா" என்பேன். முருகனையே படிக்கச் சொல்லலாமே என்றும் ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"அவன் கட்சிக்காரன். புடிச்சத நிறுத்திப் படிப்பான், புடிக்காதத முழுங்கிடுவான். ஓட்டு என்னுது. நானே படிச்சிட்டுப் போடணும்."

ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, "இன்னிக்காவது ஏத்துனியா?" என்று வந்து நின்றார். வெட்கத்தில், "உக்காருங்கக்கா, நானே படிக்கிறேன்" என்றேன். படித்து முடித்ததும், "எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னா இருக்குது?" என்று கேட்டார். நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிற ஒவ்வொரு பஸ்ஸிடமும் "அவலூர்பேட்டையா?" என்று அவர் கேட்பதைத் தினமும் பார்த்தவன் நான். தாளைப் பார்த்தபடியே, "எந்த பஸ் வருதுன்னு பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொல்லுவாங்களாம்க்கா" என்றேன்.

"இன்னொரு வாட்டி படி."

இல்லாத வரியை இன்னொரு வாட்டி படித்தேன்.

அந்த வரிக்காகத்தான் அக்கா அவருக்கு ஓட்டுப் போட்டார். அவர் ஜெயித்தார். சில மாதம் கழித்து அக்கா லீவு போட்டு, உங்களில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போய், அந்த மைக்கை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டார். அங்கே அறிக்கையை முழுவதும் வாசித்துக் காட்டி, "இதுல எங்கம்மா இருக்குது? யாரு சொன்னது?" என்று கேட்டார்களாம். அக்கா யார் பெயரையும் சொல்லாமல் திரும்பி வந்தார். அவமானப்பட்டு நின்ற நீங்கள் மூன்று பேரும், யார் சொல்லிக் கேட்டு வந்தார் என்று யோசித்திருப்பீர்கள். நான்தான். அவரை ஏமாற்றியவன் நான்தான்.

அன்று சாயங்காலம் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாலு பக்கமும் இன்னும் படமாத்தான் இருக்குது. டைப் பண்ணிடு" என்றார், அவ்வளவுதான். மறுநாளே செய்தேன். அக்கா அதை முதல் வரியிலிருந்து கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "இல்லன்னு சொல்லியிருந்தா, இல்லன்னு தெரிஞ்சே ஓட்டு போட்டிருப்பேன் இல்ல?" அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "வண்டி வந்துடுச்சுக்கா" என்றேன். பிறகும் கேட்கவில்லை. எத்தனை சாயங்காலங்கள் இருந்தன!

அவலூர்பேட்டையில் சாவு வீட்டு வாசலில் நான் அடித்த ப்ளெக்ஸ் கட்டியிருந்தது. உங்களில் ஒருவர், செல்வம், அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா எழுதியிருக்குது?" என்றார். படித்தேன். அக்கா பெயர், கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே முருகனின் கட்சிக்காரர்கள் பதினோரு பேரின் பெயர், பதவி. ஒன்றையும் விடாமல் படித்தேன்.

"அவங்க இன்னா வேல பாத்தாங்க, எப்படிப்பட்டவங்கன்னு எதுனா போட்டிருக்குதா?"

போட்டிருக்கலாம். முருகன் கொடுத்ததை மட்டும் போட்டு அனுப்பியவன் நான். நாக்கின் நுனிவரை ஒரு நல்ல வரி வந்தது. சொன்னால் செல்வம் நம்பியிருப்பார். அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு சொல், அறிக்கை படித்த அன்றைக்கு நான் அவருக்குச் சொல்லாத சொல்.

"இல்லைங்க" என்றேன்.