மகேசன் வடித்த பன்னீர்

மகேசனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. ஆக்லாந்தின் ரானுயியில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே, என் புல்வெட்டும் மெஷின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி விளக்கினார். நான் ஈரோட்டுக்காரன். எனக்கே மஞ்சளைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தவர். இத்தனைக்கும் அவருடைய ஊர் யாழ்ப்பாணம். வேலை ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. அங்கே போக நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். மோட்டர்வே நெரிசலில் யூடியூப் கேட்டுக் கேட்டே அவர் அறிஞர் ஆனார்.

அறிஞருக்கு ஒரே ஒரு குறை. குடித்தால் கைக்கு மைக் வேண்டும். மனுகாவில், வயதுக்கு வந்த பெண்ணுக்கு எடுத்த சாமத்தியவீடு ஒன்றில் மைக்கைப் பிடுங்கி, பிள்ளையை வாழ்த்தப்போவதாகத் தொடங்கி, விண்வெளிக்குப் போய்விட்டார். பூமி எப்படிச் சுழல்கிறது என்று காட்டுவதற்காகத் தானே ஒரு சுற்று சுற்றினார். பின்னால் மூன்றடுக்குக் கேக் இருந்தது. பிறகு இல்லை.

மறுநாளே அவர் மனைவி ரதிதேவி அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, அதில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தார். ரதிதேவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். விஸ்கி, பிராண்டி, ரம், ஜின், வோட்கா, பியர், வைன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சத்தியம் வாங்கினார்.

"இனி ஒருக்கா குடிச்சியள் எண்டா, நான் வெலிங்டனுக்கு லோஜனாவிட்டப் போயிடுவன். பிறகு பின்னால வந்து அழவேண்டாம்" என்றார். லோஜனா அங்கே இருக்கும் அவர்களுடைய ஒரே மகள்.

ரதிதேவி சொன்னால் செய்வார். அவர் இல்லாவிட்டால் மகேசன் ஒன்றுமே இல்லை. தன் சொந்தச் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மட்டும் அந்த அறிஞருக்குத் தெரியாது. ஆகவே மனிதர் திருந்திவிட்டார் என்று நாங்கள் நம்பினோம். அவரோ ரதிதேவி பெயர் சொல்லாத ஒரு மதுவைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைத்தது. அப்சிந்த்.

"தம்பி பழனி, உது குடி இல்லை, விளங்குதோ? மூலிகை. பிரான்சில ஓவியர், கவிஞர் எல்லாரும் எடுத்தது. குடிச்சா ஒரு பச்சைத் தேவதை வந்து அறிவைத் திறக்கும்."

"உங்களுக்கு இன்னும் திறக்கணுமாண்ணா?" என்றேன். கிண்டல் அவருக்குப் பிடிபடாது.

இந்த நாட்டில் சொந்தத் தேவைக்கு வீட்டிலேயே சாராயம் வடிக்கலாம், விற்கத்தான் கூடாது. சட்டம் மகேசனின் பக்கம். மனைவி மட்டும்தான் எதிர்ப்பக்கம். ஹெண்டர்சனில் வாங்கிவந்த வடிகலத்தைப் பார்த்து ரதிதேவி இது என்ன என்று கேட்டதும், மனிதர் கண்ணை இமைக்காமல் சொன்னார்: "கோயிலுக்குப் பன்னீர் வடிக்கப்போறன்."

இவ்வளவு கூசாமல் சொல்லப்பட்ட பொய்யை நான் கேட்டதில்லை. ரதிதேவி சாமியறைக்குப் போய்வந்தார். பிறகு வடிகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்.

அதன்பின் பின்பக்க ஷெட்டில் வேலை மும்முரமாக நடந்தது. சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் யாழ்ப்பாணத்தில் அதற்குக் கசிப்பு என்று பெயர், போலீஸ் பிடிக்கும். அதே கசிப்பில் மூன்று செடியை ஊறப்போட்டு இன்னொரு முறை வடித்தால் அது பிரெஞ்சுக் கலாசாரம். பெருஞ்சீரகமும் சோம்பு வகையில் இன்னொன்றும் இந்தியன் கடையில் கிடைத்தன. மூன்றாவது, ஆளைக் கொல்லும் கசப்புள்ள ஒரு சாம்பல்பச்சைச் செடி. அதை நர்சரியில் வாங்கி வேலியோரம் முழுக்க நட்டார். தண்ணீர்கூட அவரே ஊற்றினார். முப்பது வருட மணவாழ்க்கையில் அவர் வீட்டில் தொட்ட முதல் வேலை அதுதான்.

முதல் வடிப்பைச் சுவை பார்க்க என்னைக் கூப்பிட்டார். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர்போல இருந்தது. அதில் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றினார். உடனே பால்போல வெளுத்துக் கலங்கியது.

"பாத்தியளே!" என்றார், தானே படைத்தவர்போல.

"டெட்டாலும் இப்படித்தாண்ணா ஆகும்."

"உங்களுக்கு ரசனை இல்லை, தம்பி. சோம்பெண்ணெய் மதுவில கரையும், தண்ணியில கரையாது. அதுதான் வெள்ளையாகுது. அறிவியல்!"

குடித்தேன். நாக்கு மரத்துப்போனது. வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தில் யாரோ வேப்பிலையைப் பிழிந்ததுபோல ஒரு கசப்பு. எந்தத் தேவதையும் வரவில்லை. அடுத்த நாள் தலைவலிதான் வந்தது. மகேசனுக்கு மட்டும் விளைவு வேறு மாதிரி. மூன்றாவது தம்ளரில், செடிகளுக்கு நடுவே ஒரு பச்சை உருவம் கையசைத்துக் கூப்பிடுகிறது என்று எழுந்து நின்று கும்பிட்டார். கொடியில் காய்ந்த ரதிதேவியின் பச்சை நைட்டி அது. பிறகு உலகப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். விஸ்கி குடித்தாலும் இதைத்தான் பேசுவார்.

வாயில் பெருஞ்சீரக வாசம்தான் அடித்தது. வாயு மருந்து என்று சொல்லிவிட்டார். ரதிதேவி அதையும் நம்பினார்.

இந்த இடத்தில்தான் பிள்ளையார் தலையிட்டார்.

விநாயகர் சதுர்த்திக்கு இருபத்தொரு வகை இலையால் அர்ச்சனை செய்ய வேண்டும். ஆக்லாந்தில் அவ்வளவு இலைக்கு எங்கே போவது? வருடாவருடம் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பார்கள். அந்த வருடம் ரதிதேவி, கணவர் வளர்க்கும் செடியில் ஒரு கொத்தை ஆசையாகக் கொண்டுபோய்க் குருக்களிடம் காட்டினார். குருக்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மாசிபத்திரி எல்லோ!" என்றார். இருபத்தொன்றில் முதலாவதாகப் போடுகிற இலை. சரியாகச் சொன்னால் மாசிபத்திரிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் புலம்பெயர்ந்த நாட்டில் அந்த வித்தியாசத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒரே வாரத்தில் மகேசன் பக்திமான் ஆகிவிட்டார். கோயில் தர்மகர்த்தா யசீகரன் வீடு தேடி வந்தார். யசீகரன் ஒரு கணக்காளர், சிரிப்பதைக்கூட யோசித்துச் செலவழிப்பவர். அவரே ஷெட் வாசலில் நின்று கண்கலங்கினார்.

"அண்ணை, சத்தம்போடாம இப்பிடி ஒரு தொண்டு செய்திருக்கிறியள். சதுர்த்தி அபிஷேகத்துக்கு உங்கட பன்னீர்தான்."

ரதிதேவியின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். அந்த அம்மாள் இத்தனை வருடமாகக் கணவருக்காக ஊராரிடம் மன்னிப்புக் கேட்டே பழகியவர். இப்போது ஃபோனைக் கீழே வைக்கவே நேரமில்லை. "ஓம், எங்கட இவர்தான் வடிக்கிறார். ஓம், தன்ர கையாலதான்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பார். செடி அத்தனையையும் தானே மொட்டையடித்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி வைத்தார்.

மகேசன் புதிதாக வடித்து வைத்திருந்த அப்சிந்துக்குப் பச்சை நிறம் ஏற்ற அந்த இலை வேண்டும். இப்போது ஓர் இலை இல்லை. ஆகவே சரக்கு தண்ணீர்போலத் தெளிவாகவே பாட்டிலில் நின்றது. பன்னீருக்கு ரோஜாவும் இல்லை, இங்கே அது குளிர்காலம். அறிஞர் இந்தியன் கடையில் பன்னீர் வாங்கி, லேபிளைக் கிழித்து, அதே மாதிரியான இன்னொரு பாட்டிலில் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்தார். சதுர்த்தியன்று அவர் வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, ரதிதேவி அவசரத்தில் ஷெட்டுக்குப் போய், இரண்டில் நிறைந்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னாலேயே காரில் கிளம்பிவிட்டார்.

எஞ்சி நின்ற பன்னீர்ப் பாட்டிலைப் பார்த்ததும் மகேசன் என் வீட்டுக் கதவை இடித்தார். இருவரும் என் காரில் பறந்தோம். கோயிலைச் சுற்றி எங்கும் பார்க்கிங் இல்லை. உள்ளே நுழையும்போது ஐந்நூறு பேர் கைகூப்பி நிற்க, குருக்கள் வெள்ளிக்குடத்துத் தண்ணீரில் எங்கள் ஷெட் சரக்கை ஊற்றிக்கொண்டிருந்தார்.

குடம் பாலாகியது.

"அரோகரா!" என்று எழுந்த சத்தத்தில் கூரை அதிர்ந்தது. யசீகரன் மைக்கைப் பிடித்து, பன்னீர் பாலான அதிசயத்தை அழுகைக் குரலில் அறிவித்தார். அபிஷேகம் முடிந்து, மிச்சத்தைத் தீர்த்தமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்கிக் குடித்தவர்கள், அமிர்தம் கசக்கத்தான் செய்யும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யசீகரன் மூன்று தரம் கையேந்திவிட்டு, முழங்கால் வலி போயே போய்விட்டது என்றார். முதல் முறையாக அவர் கணக்குப் பார்க்காமல் சிரித்ததை நான் கண்டேன்.

அடுத்ததாக வரிசையில் தேவாரம் பாட வந்த சிறுபிள்ளைகள் நின்றார்கள்.

மகேசனைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியாது. ஒரு பக்கத்தில் ரதிதேவி, கண்ணீரோடு, பெருமையோடு நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகேசனுக்கு எதுவும் பறிபோகாது. அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

"குடிக்காதேங்கோ! அது சாராயம்! நான் வடிச்ச சாராயம்!"

குடத்தைப் பறித்துக் கவிழ்த்துவிட்டார். பால் தரையெங்கும் ஓடியது. பிறகு ஒரு பெண் வீரிட்டாள்: "உரு வந்திட்டுது! சாமி வந்திட்டுது அவருக்கு!"

அவ்வளவுதான். நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். குருக்கள் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். "சாராயம், சாராயம்" என்று அவர் கத்தக் கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். நானும் முன்னால் போய், "ஆமாங்க, நெசமாவே அது சாராயந்தாங்க, நானே குடிச்சுப் பாத்திருக்கேன்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எவ்வளவு பொறாமை பாருங்கள் என்று என் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்.

நம்பியது ஒரே ஒரு ஆள். ரதிதேவி தன் உள்ளங்கையில் இருந்த தீர்த்தத்தை முகர்ந்தார். வாயு மருந்தின் வாசம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்தால் எனக்குக் கேட்கும். மறுநாள் வெலிங்டன் விமானத்துக்கு நான்தான் ரதிதேவியை விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"குடிச்சதுக்கு இல்லை, தம்பி. அவர் குடிப்பார் எண்டு எனக்குத் தெரியும். நான் சனத்துக்குப் பெருமையாக் கதைச்சிட்டன். அதுக்குத்தான்."

புறப்பாட்டு வாசலில் அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

கோயில் மகேசனை விடவில்லை. அடுத்த மாதமே பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார்கள். தம்பதியாக மேடைக்கு வரும்படி யசீகரன் இரண்டு தடவை அழைத்தார். மகேசன் தனியாக ஏறினார். முன்பெல்லாம் மைக்குக்காக ஆலாய்ப் பறந்தவரிடம் அவர்களாகவே மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் ஒரு குடிகாரன். பொய்யன். அது பன்னீர் இல்லை" என்றார். குடிக்காமல் அவர் செய்த முதல் சொற்பொழிவு. கைதட்டல் ஓயவே இல்லை. எவ்வளவு தன்னடக்கம் என்று யசீகரன் தழுதழுத்தார்.

அன்று மகேசன் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ரதிதேவியோடு ஃபோனில் பேசினார். வடிகலத்தை விற்றுவிட்டதைச் சொன்னார். செடியைப் பிடுங்கிவிட்டதைச் சொன்னார். திரும்பி வரும்படி கெஞ்சினார். ரதிதேவியின் குரல் எனக்கும் கேட்டது.

"குடிகாரனோட நான் இவ்வளவு காலமும் இருந்தனான்தானே, அப்பா. இனியும் இருப்பன். சாமியாரோட ஏலாது. சனம் உங்களைக் கும்பிடேக்க நானும் பக்கத்தில நிண்டு பல்லைக் காட்டவேணுமே? அங்க ஒருத்தராவது உங்களை நம்பித் திட்டட்டும். அண்டைக்கு வாறன்."

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகேசன் கோயிலுக்குப் போகிறார். பூசை முடிந்ததும் எழுந்து நின்று, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறார். சீனி, ஈஸ்ட், பெருஞ்சீரகம், எல்லாம். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று நான் எழுந்து திட்டிப் பார்த்தேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம், மனுகாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். மகேசன் அழுதுகொண்டே சொல்லி முடித்தார். ஒரு இளம்பெண் முன்னால் வந்து, தன் கைக்குழந்தையை அவர் காலடியில் கிடத்தினாள்.